குமரிக் கடலில் கயாக்கும் டால்பினும்: இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கன்னியாகுமரிக்கு விடுமுறைக்கு வரப்போகிறவர்கள் முன்பெல்லாம் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், விவேகானந்தர் பாறைக்குப் படகு உண்டா என்றுதான் விசாரிப்பார்கள். இப்போது கேள்வி மாறியிருக்கிறது. "அங்கே கயாக் ஓட்டலாமா? டால்பின் பக்கத்தில் வருமா?" என்று கேட்கிறார்கள். கண்ணாடி போன்ற நீரில் மஞ்சள் நிறக் கயாக் ஒன்று, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு, மிதக்க, அதன் பக்கத்திலேயே டால்பின் துள்ளும் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை அது. ஆசையில் தவறில்லை. குமரிக் கடலில் டால்பின் உண்டு, கயாக் ஓட்டக்கூடிய நீரும் உண்டு. ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டும் சேரும் நாட்களும் வருடத்தில் கொஞ்சம்தான். அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், எங்கே துடுப்புப் போடுவது, எங்கே சும்மா உட்கார்ந்து பார்ப்பது என்பதில் குழப்பம் வராது.

முதலில் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கே நீரோடி முதல் கிழக்கே ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. அதில் 40க்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள், தோளோடு தோள் ஒட்டியபடி. மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் இரண்டுமே வாய்த்த மாவட்டம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடையைப் பார்த்தாலே இது புரியும். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் ஓய்ந்திருக்கும்போது இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

தெற்கே பார்த்தால், நடுவில் சில சிறு தீவுகளைத் தவிர, அண்டார்டிகா வரை நிலமே இல்லை. தென்னிந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயலின் அலை பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து விழுகிறது. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது. அப்போது கடல் திடீரென ஏறும். கேரளக் கரையிலும் இங்கும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். பள்ளி விடுமுறை வருவதும் அப்போதுதான். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது இப்படிப்பட்ட நாட்களில்தான். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும், ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே எச்சரிக்கை விட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்ப்பது, ஊரில் ஒரு மீனவரிடம் "இன்றைக்குக் கடல் எப்படி" என்று கேட்பது, இந்த இரண்டும் இல்லாமல் இந்தக் கரையில் காலை நனைக்கக்கூட நான் யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எப்படிப் பாய்கிறது என்பதை முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் பழகிய வள்ளக்காரர்களே, அதாவது நாட்டுப்படகு மீனவர்களே, பல நாள் கடலுக்குப் போகமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, அதோடு புயல் பயம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி இந்த மாவட்டத்தின் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை யாரும் மறக்கவில்லை. கழித்துப் பார்த்தால் மிச்சம் நிற்பது தை, மாசி, பங்குனியின் முதல் பாதி. கடல் படிந்து கிடக்கும் காலம் அதுதான். மார்கழிக் கடைசியிலும் சில நல்ல நாட்கள் கிடைக்கும்.

படிந்த கடலிலும் ஒரு பொறி உண்டு. கயாக் ஓட்டுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும் அது திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசும். பாய்மரக் காலத்தில் மீனவர்களின் ஒரு நாள் வேலையே இந்தக் கணக்கில்தான் நடந்தது. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவார்கள், மதியம் கடற்காற்றில் திரும்புவார்கள். கயாக்கில் போகிறவருக்குப் பாய் கிடையாது, மதியம் வரை கடலில் இருக்கும் உத்தேசமும் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கரையோரம் நீர் தட்டையாகத் தெரியும். கரைக்காற்று முதுகில் தள்ளும், துடுப்பு லேசாக இருக்கும். அரை மணி நேரத்தில் நன்றாக ஓட்டுகிறோம் என்ற எண்ணமே வந்துவிடும். திரும்பும்போதுதான் அதே காற்று எதிரே நிற்பது தெரியும். பழக்கமில்லாதவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போவதே அதிகம். எதிர்க்காற்றில் அதில் பாதிகூடத் தேறாது. கை ஓய்ந்தால் கயாக் தானாகவே கடல் பக்கம் நகரத் தொடங்கும்.

இதற்கு நம் கடப்புறத்துக்காரர்கள் வைத்திருக்கும் பழைய உத்தி ஒன்றைக் கயாக்கிலும் அப்படியே பயன்படுத்தலாம். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுகளைப் பார் என்பார்கள், மீன் கூடுகிற இடம் அது. ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு அந்தப் பாரைக் கண்டுபிடிக்க, கரையில் ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலை முகட்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் சந்திக்கும் இடம்தான் பார். கயாக்கில் இருப்பவருக்கு ஒரு ஜோடியே போதும். தேவாலயக் கோபுரத்துக்கு நேர் பின்னால் மருந்துவாழ் மலையின் ஒரு முகடு தெரிகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். முகடு கோபுரத்தைவிட்டு விலகிப் போகிறதென்றால் நீரோட்டம் உங்களைக் கரையோரமாக இழுத்துக்கொண்டு போகிறது. நீரைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம் கரை. இங்கே பல இடங்களில் மணல் சரேலென்று இறங்கும், அலை கரையிலேயே வந்து உடைந்து விழும். வேறு இடங்களில் பாறை. அலையைத் தாண்டி உள்ளே போவதும் அலையோடு கரையேறுவதும்தான் ஆபத்தான நிமிடங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். பிறந்தது முதல் கடலில் வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை.

இவ்வளவு சொல்வதால் சிறு படகே கூடாது என்று ஆகிவிடாது. உலகத்தில் மிக எளிய கடற்படகு ஒன்றை ஓட்டியவர்கள் இந்தக் கரைக்காரர்கள். கட்டுமரத்துக்கு உட்பகுதி என்று ஒன்று கிடையாது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது அது. அலை மேலே ஏறினால் கட்டைகளின் இடுக்கில் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் முழுகாது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இன்று சுற்றுலா இடங்களில் கொடுக்கப்படும், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கும் இதே தத்துவத்தில் செய்ததுதான். உள்ளே காற்று அடைத்த பிளாஸ்டிக் உடல், மேலே ஏறும் நீர் வடிய ஓட்டைகள். படகில் குறையில்லை. கட்டுமரத்தில் இருந்தவருக்குக் கடல் தெரியும், கயாக்கில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. வித்தியாசம் இவ்வளவுதான்.

சரி, டால்பினுக்கு வருவோம். ஓங்கில் என்ற பழைய பெயரும் இதற்கு உண்டு.

மாசி மாதக் காலை ஒன்றில் முட்டம் பாறைமேல், வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவில் நிறுத்திவிட்டுக் கடலைக் காட்டினார். "அந்தா பாரு மக்கா, காக்கா விழுது. கீழ சாளை கெடக்கு. இப்ப வருவான் பாரு." சாளை என்பது மத்தி மீன். கடற்காக்கைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நீரில் விழுந்துகொண்டிருந்தன. சிறிது நேரத்தில் நீரிலிருந்து நீண்ட அலகு ஒன்று சாய்வாக மேலே வந்தது. அதன் பின்னால் சாம்பல் நிற முதுகு, அந்த முதுகின்மேல் ஒரு திமில், திமிலின் உச்சியில் சின்னத் துடுப்பு. துள்ளல் எதுவும் இல்லை. உருண்டு எழுந்து, மூச்சுவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டது. அதன் விலாவை ஒட்டியபடி வெளிறிய நிறத்தில் குட்டி ஒன்று. பெரியவர் மறுபடி வலையில் கையை வைத்துவிட்டார். எனக்குத்தான் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

கரையோரம் நம் கண்ணில் படக்கூடியது பெரும்பாலும் இந்தக் கூன்முதுகு டால்பின்தான். ஆழம் குறைந்த நீரிலும் ஆற்று முகத்துவாரங்களின் பக்கத்திலும் சிறு சிறு கூட்டமாகத் திரியும். இந்தியப் பெருங்கடலின் கரையோரங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாக வைக்கப்பட்டிருக்கிறது. கரையை ஒட்டியே வாழ்வதால் வலை, துறைமுகம், கழிவு, படகு என்று மனிதன் செய்யும் எல்லாவற்றின் அடியும் முதலில் விழுவது இதன்மேல்தான். கூச்சமும் அதிகம். படகின் முன்னால் ஓடி விளையாடும் பழக்கம் இதற்கு அரிது.

விளையாடக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று, சற்று வெளியே திரியும் புட்டிமூக்கு டால்பின். இன்னொன்று ஆழ்கடலில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக ஓடும் சுழல் டால்பின். எம்பிக் குதித்து, காற்றில் பம்பரமாகச் சுற்றி விழுவது இதுதான். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் சூரை மீன் கூட்டத்தோடு சேர்ந்து இவை ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். இவை தவிர, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றியும் கரையோரம் உண்டு. அது வந்து போனதே தெரியாது. ஆகவே வீடியோவில் பார்த்த துள்ளலை முட்டத்திலோ மணக்குடியிலோ எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கரையிலிருந்து கிடைப்பது அலகும் திமிலும் ஒரு மூச்சொலியும். என்னைக் கேட்டால் அது குறைந்த காட்சியே இல்லை.

இவை இங்கே இருப்பதற்குக் காரணம் மீன். தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமாக வீசும்போது மேல்நீர் கடலுக்குள் தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அதில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னச் சாளையும் நெத்தோலியும் கூடும், அவற்றைத் தின்னப் பெரியவை வரும். குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்னும் பரந்த ஆழம் குறைந்த திட்டும் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு இந்தியா, இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவின் உரிமை உறுதியான மீன்வளப் பகுதி அது. மீன் பெருகும் அந்தப் பருவக்காற்று மாதங்களில்தான் கயாக்கை நினைக்கவே முடியாது. தை, மாசியில் கடல் தட்டையாக இருப்பதால் தொலைவில் ஒரு முதுகுத் துடுப்பு எழுந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டால்பின் பார்க்க அந்த மாதங்கள் வசதியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இனி, கயாக்கும் டால்பினும் உண்மையிலேயே சந்தித்தால் என்ன ஆகும்? கயாக்குக்கு எஞ்சின் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை, அதனால் அது விலங்குக்குத் தொந்தரவே தராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. டால்பின் பெரும்பாலும் ஒலியால் வாழும் உயிர். கிளிக் கிளிக்கென்று ஒலி எழுப்பி, அது மோதித் திரும்புவதைக் கீழ்த்தாடை வழியாக வாங்கி, எதிரே என்ன இருக்கிறதென்று அறிகிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். புட்டிமூக்கு டால்பினின் காது சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். எஞ்சின் இரைச்சல் அதன் வேட்டையையும் பேச்சையும் கெடுக்கிறது. அந்த வகையில் கயாக் நல்லதுதான். ஆனால் எஞ்சின் படகு வருவது தூரத்திலேயே கேட்டுவிடும், விலகிப் போக நேரம் இருக்கும். கயாக் சத்தமில்லாமல் தலைக்குமேல் வந்து நிற்கும். ஓய்வெடுக்கும் கூட்டமோ குட்டியோடு இருக்கும் தாயோ அப்போது திடுக்கிட்டு மூழ்கும். எஞ்சின் படகு போக முடியாத ஆழமில்லாத இடத்துக்கும் கயாக் போய்விடும் என்பது இன்னொரு சங்கடம்.

ஹவாய்த் தீவுகளில் இது பெரிய பிரச்சினையாகவே ஆனது. அங்கே சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் அமைதியான விரிகுடாக்களில் வந்து ஓய்வெடுக்கும். மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும் தூக்கம் அது. அந்த நேரம் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் நீந்தியும் கயாக்கிலும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். 2021இல் அமெரிக்க அரசு விதி போட்டது. அவற்றை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், யாரும் நெருங்கக்கூடாது. நீந்துகிறவருக்கும் கயாக்குக்கும் எஞ்சின் படகுக்கும் ஒரே விதி. ஆஸ்திரேலிய வழிகாட்டுதலிலும் 50 மீட்டர்தான் எல்லை. நம் கரையிலும் இந்த 50 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளலாம், குட்டி தெரிந்தால் இன்னும் விலகலாம்.

துரத்துவதில் பயனும் கிடையாது. புட்டிமூக்கு டால்பின் நினைத்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், உங்களால் நான்கு. கண்ணில் பட்டதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு நில்லுங்கள். நீங்கள் இருப்பது தெரியட்டும் என்று கயாக்கின் பக்கத்தை லேசாகத் தட்டலாம். அவை போகும் வழிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது, இரண்டு மூன்று கயாக்குகள் இருந்தால் எல்லாம் ஒரே பக்கமாக இருக்க வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. அவற்றுக்கு விருப்பம் இருந்தால் தாமே வரும். வாலால் நீரை ஓங்கி அடிப்பது, நீண்ட நேரம் மூழ்கி வேறு பக்கம் எழுவது, கூட்டம் நெருங்கி ஒட்டிக்கொள்வது, இவையெல்லாம் போய்விடு என்று சொல்கிற குறிகள். அப்போது திரும்பிவிட வேண்டும்.

மீன் போட்டு அழைப்பதை மட்டும் யாரும் செய்யக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் டால்பின்கள் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கம் கொல்வதோடு நிற்கவில்லை. விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும்கூட அதில் அடங்கும். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குளத்தில் அடைத்து வித்தை காட்டும் டால்பின் காட்சிக்கூடங்களுக்கும் 2013இலேயே நடுவண் அரசு கதவை மூடிவிட்டது. நம் நாட்டில் கடல் டால்பினைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் கடலுக்குத்தான் போக வேண்டும். அப்படி இருப்பதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்படியானால் எங்கே போவது? கயாக் ஓட்ட எனக்குத் தெரிந்து பொருத்தமான நீர் காயல்தான். பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே அகன்ற காயல் கிடக்கிறது. 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே பிய்த்துக்கொண்டு போனது, இன்று அலையாத்தி மரங்கள் ஓரங்களில் தழைத்து நிற்கின்றன. நீர்க்காகம், கொக்கு, நாரை என்று துடுப்புப் போடுகிற இடமெல்லாம் பறவை. சுசீந்திரம், தேரூர், மணக்குடி சேர்ந்த பகுதி பாதுகாப்புக் காப்பகம் என்பதால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு இறங்குவது முறை. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளேயும் நல்ல நீர் உண்டு. எங்கே ஓட்டினாலும் பொழிமுகத்தின் பக்கம் போகவே கூடாது. காயலின் நீர் மணல்திட்டை உடைத்துக் கடலுக்குப் பாயும் வாய் அது. நீர் இறங்கும் நேரத்தில் கயாக்கை அப்படியே உறிஞ்சி அலைக்குள் தள்ளிவிடும்.

டால்பினுக்கு முட்டம் பாறை, அல்லது உயரமான எந்தக் கரையும். காலை ஏழு முதல் ஒன்பது வரை, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல் முதலில் பறவையைப் பாருங்கள். கையில் இருநோக்கி இருந்தால் நல்லது. கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைப் பக்கம் போய்வரும் பூம்புகார்க் கப்பல் கழகத்தின் சுற்றுலாக் கப்பல் ஓடும் நாளாக இருந்தால் அதிலிருந்தும் பார்க்கலாம்.

கடலில்தான் கயாக் விட வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள், நன்கு பழகியவர்களாக இருந்தால், தை, மாசியில் ஊர்க்காரர் துணையோடு போகலாம். எந்த ஊர்க் கரையில் இறங்கினாலும் அந்த ஊரில் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அதற்கு ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் ஒருவரைப் பார்த்தால் போதும். கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையை வளைத்திருக்கும்போது அதன் கயிற்றுக்குக் குறுக்கே கயாக் போனால் அன்றைய வேலை கெடும், ஐம்பது பேரின் கூலி அது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஊர்களில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. வலை இல்லாத வெறுங்கடல் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஏதாவது ஆனால் கைகொடுக்க அன்று கடலில் வள்ளமும் இருக்காது. உயிர்காப்பு உடுப்பு, விசில், குறைந்தது இரண்டு கயாக், கரையில் நேரம் தெரிந்த ஒரு ஆள், இவை இல்லாமல் போகவே வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் கயாக் சுற்றுலா வளரும் என்றே தோன்றுகிறது. அது மீனவ இளைஞர்கள் கையில் வளர வேண்டும் என்பது என் ஆசை. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் நடத்துகிறார்கள். மணக்குடியில் அப்படி ஒன்று வந்தால், எந்தக் காற்றுக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல வெளியூர்ப் பயிற்சியாளர் தேவைப்படமாட்டார்.

கடைசியாக ஒன்று. கரையில் நடக்கும்போது ஒதுங்கிய டால்பினைக் காண நேரலாம். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயர் திமிங்கலம் என்றாலும் அவை டால்பின் குடும்பம்தான். இழுத்துக் கடலில் விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. எனவே உடனே கடலுக்குள் தள்ளப் பார்க்காதீர்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உயிர் இருந்தால் வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, ஈரத்துணி போட்டு, நிழல் கொடுத்து, தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் நீரோ மணலோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிக் கூட்டம் சேரவிடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், எண் கையில் இல்லாவிட்டால் கடலோரக் காவல் குழுமத்தின் 1093ஐ அழைத்தால் அவர்கள் தெரிவிப்பார்கள். இறந்து கிடந்தாலும் சொல்ல வேண்டும், வலையில் மாட்டிச் செத்ததா, நோயா, படகு மோதியதா என்பது உடலைப் பரிசோதித்தால்தான் தெரியும்.